"கமிட்டி எழுதிவிட்டது" என்கிறார் கைடு… என் பிஎச்டி பதிவு போய்விடுமா?

இந்த முறை கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு ஆய்வு மாணவி எழுதியிருக்கிறார். ஒன்பது பக்கக் கடிதம். பெயர், துறை, பல்கலைக்கழகம் எதையும் வெளியிடாமல் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

2023 ஜனவரியில் முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்தவர். ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, வாங்குபவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. 2024 நடுவில் குழந்தை பிறந்து ஆறு மாதம் விடுப்பில் இருந்தார். 2025 தொடக்கத்தில் எஸ்.ஆர்.எஃப்., அதாவது முதுநிலை ஆய்வு உதவித்தொகைக்கு, உயர்த்தப்பட்டார். ஆய்வேட்டின் ஐந்து இயல்களில் நான்கை எழுதி முடித்துவிட்டார். அவருடைய ஆய்வு ஆலோசனைக் குழு, அதாவது ஆர்.ஏ.சி., உண்மையில் கூடியது இரண்டே முறைதான். மற்ற அரையாண்டுகளில் நெறியாளர், அதாவது கைடு, தன் அறைக்குக் கூப்பிட்டு, அச்சிட்ட படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே பென்சிலில் ஒரு டிக் இருக்கும். தேதி எழுதும் இடம் காலியாக இருக்கும். போட்டுவிட்டு வந்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறார்.

கடந்த நவம்பரில் ஒரு ஆய்வுக் கட்டுரை தயாரானது. அந்த ஆய்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் பெயரையும் ஆசிரியராகச் சேர்க்கச் சொன்னார் நெறியாளர். இவர் மறுத்துவிட்டார். அடுத்த மாதமே, "ஆர்.ஏ.சி. உன் முன்னேற்றம் திருப்தியில்லைன்னு மினிட்ஸ் எழுதியாச்சு. முன்னாடி செமஸ்டரும் அப்படித்தான். பதிவை ரத்து பண்ணச் சொல்லி மேல போகப்போகுது" என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் எதுவும் வரவில்லை. அந்த நெறியாளரே துறைத்தலைவரும்கூட. இன்னும் ஓராண்டில் ஓய்வு பெறுகிறார். "வேந்தருக்கு நேரடியாக மனு அனுப்பட்டுமா, கோர்ட்டுக்குப் போகட்டுமா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு டியூஷன் எடுக்கட்டுமா? அத்தை அதைத்தான் சொல்கிறார்கள்" என்று கேட்கிறார். கடைசி வரியில் ஒரு சின்னக் கேள்வி: "இனிமேல் சார் ரூமுக்குப் போகலாமா, வேண்டாமா?"

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இன்றைய தேதியில் உங்கள் பதிவு ரத்தாகவில்லை. ரத்து செய்யும் நடைமுறை ஒழுங்காகத் தொடங்கியதாகக்கூடத் தெரியவில்லை. ஒருவர் வாயால் சொன்னது மட்டும்தான் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்காவது தூங்குங்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

புதுச்சேரியில் என் அலுவலகத்துக்கு வரும் ஆய்வு மாணவர்கள் பலர் நியாயமான கோபத்தோடுதான் வருவார்கள். ஆனால் கையில் ஒரு காகிதமும் இருக்காது. "சார் சொன்னார்", "ஆபீஸில் சொன்னார்கள்", "கமிட்டி முடிவு பண்ணிவிட்டதாம்" என்பார்கள். பல்கலைக்கழகம் என்பது குழுக்களால் நடக்கிற அமைப்பு. குழு பேசுவது கூட்டக் குறிப்பின் வழியாகத்தான். அந்தக் குறிப்பு உங்கள் கையில் இல்லாதவரை, குழு என்ன சொன்னது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருவேளை குழுவின் மற்ற உறுப்பினர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

அந்தக் குழு யாருடையது?

கடிதம் முழுக்க "சாரோட கமிட்டி" என்றே எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் முதல் தவறு. அது உங்களுக்காக அமைக்கப்பட்ட குழு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 நவம்பர் 7 அன்று அறிவிக்கை செய்த பிஎச்டி விதிமுறைகள், ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஒரு ஆய்வு ஆலோசனைக் குழு, அல்லது அதே வேலையைச் செய்யும் வேறொரு குழு, இருக்க வேண்டும் என்கின்றன. சில பல்கலைக்கழகங்களில் இதை டாக்டரல் கமிட்டி என்பார்கள், பேச்சில் 'டி.சி.'. நீங்கள் 2023 ஜனவரியில் சேர்ந்ததால் இந்த 2022 விதிகள்தான் உங்களுக்குப் பொருந்தும். அதற்கு முன்பே பதிவு செய்த உங்கள் சீனியர்களுக்கு 2009 அல்லது 2016 விதிகள். அவர்கள் சொல்லும் அனுபவத்தை அப்படியே உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

நெறியாளர் அந்தக் குழுவின் அமைப்பாளர். கூட்டத்தைக் கூட்டுவதும், தாளை எடுத்து வைப்பதும், உறுப்பினர்களுக்குத் தேதி சொல்வதும் அவர் வேலை. அதனாலேயே குழு முழுவதும் அவர் கைக்குள் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் தலைப்பை இறுதி செய்வது, ஆய்வு முறையை வகுக்க உதவுவது, முன்னேற்றத்தை அவ்வப்போது பரிசீலிப்பது எல்லாமே குழுவின் பொறுப்பு. ஒவ்வொரு செமஸ்டரிலும் நீங்கள் குழுவின் முன் வந்து உங்கள் வேலையை விளக்க வேண்டும், சுருக்கமான அறிக்கை தர வேண்டும். குழு தன் பரிந்துரையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பரிந்துரையின் நகல் உங்களுக்கும் தரப்பட வேண்டும். இந்தக் கடைசி வரிக்குப் பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நகல் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுமோ என்று தயங்கியிருக்கிறீர்கள். அது விதியே உங்களுக்குத் தருகிற உரிமை.

முன்னேற்றம் திருப்தியில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே விதி சொல்கிறது. காரணங்களைக் குழு எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், சரிசெய்ய வழிகளையும் சொல்ல வேண்டும். அந்த வழிகளை நீங்கள் நிறைவேற்றத் தவறினால், அதற்கு அப்புறம்தான் குறிப்பான காரணங்களோடு பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். படிப்படியாக ஏற வேண்டிய ஏணி இது. முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குத் தாவ இடமில்லை. அதோடு குழுவால் பரிந்துரைக்கத்தான் முடியும். ரத்து உத்தரவு பல்கலைக்கழகத்திடமிருந்து வர வேண்டும், அதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காமல் ரத்து செய்தால், இயற்கை நீதிக்கு விரோதம் என்று நாம் தைரியமாகச் சொல்லலாம்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு காகிதம்

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், போகிற போக்கில், 2025 தொடக்கத்தில் எஸ்.ஆர்.எஃப். ஆனதைச் சொல்லியிருக்கிறீர்கள். 37,000 ரூபாய் 42,000 ஆனதால் குழந்தைச் செலவுக்கு வசதியாக இருந்தது என்று ஒரு வரி. அந்த வரியில் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஜே.ஆர்.எஃப். இரண்டு ஆண்டு முடிந்ததும் தானாக எஸ்.ஆர்.எஃப். ஆகிவிடாது. ஒரு மதிப்பீட்டுக் குழு உங்கள் வேலையைப் பார்த்து, முன்னேற்றம் சரி என்று எழுதிக் கையொப்பமிட்டால்தான் ஆகும். வழக்கமாக அதில் நெறியாளரும் துறைத்தலைவரும் இருப்பார்கள். உங்கள் விஷயத்தில் இருவரும் ஒருவரே. அதாவது 2025 தொடக்கம் வரை உங்கள் ஆய்வு திருப்தி என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்று "முன்னாடி செமஸ்டரும் அப்படித்தான்" என்று அவர் சொன்னால், அவருடைய கையெழுத்தே அவருக்கு எதிராகப் பேசும். அந்த மதிப்பீட்டு அறிக்கையின் நகல் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். போனில் போட்டோ எடுத்திருப்பீர்கள், அல்லது யாருக்காவது மெயிலில் அனுப்பியிருப்பீர்கள்.

குழந்தை பிறந்த விடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு மாதம் வராததைத்தான் திருப்தியின்மை என்கிறார்களோ என்று நீங்களே உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறீர்கள். பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக் காலம் முழுவதிலும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் குழந்தை பராமரிப்பு விடுப்பும் தர 2022 விதி இடம் தருகிறது. அனுமதி பெற்று எடுத்த விடுப்பை முன்னேற்றக் குறைவாக யாரும் எழுதக் கூடாது. அந்த அனுமதிக் கடிதத்தையும் கோப்பில் சேருங்கள். காலம் ஓடிப்போய்விட்டது என்ற பயமும் வேண்டாம். குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு கூடுதல் சலுகை தரலாம், மொத்தம் பத்து ஆண்டுக்கு மிகாமல். நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

பென்சில் டிக் போட்ட படிவங்கள்

"நானே கையெழுத்துப் போட்டதால் பொய்க்கு உடந்தை ஆகிவிட்டேன், இனி எந்த முகத்தோடு புகார் கொடுப்பேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். தேதி இல்லாத படிவத்தில் கையெழுத்துப் போட்டது தவறுதான், அதை மழுப்ப மாட்டேன். ஆனால் துறைத்தலைவர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருக்கும் ஒரு மாணவி, "கூட்டம் நடக்கட்டும் சார், அப்புறம் போடுகிறேன்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது இந்த உலகத்தைத் தெரிந்த எவருக்கும் புரியும். இனிமேல் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள். அந்தத் தாளைப் போட்டோ எடுக்க அனுமதி கேளுங்கள்.

இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது, கோபத்தில் அது கண்ணில் படாது. அந்தப் படிவங்களில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அப்போது உங்களுக்கும் அவருக்கும் எந்தப் பிணக்கும் இல்லை. பெரும்பாலும் "முன்னேற்றம் திருப்திகரம்" என்றுதான் எழுதியிருப்பார். அப்படியானால் அவை உங்களுக்குச் சாதகமான ஆவணங்கள். அவற்றைப் பார்க்காமலேயே "கூட்டமே நடக்கவில்லை, எல்லாம் போலி" என்று முதல் மனுவிலேயே எழுதினால், உங்கள் சொந்த முன்னேற்றப் பதிவையும் சேர்த்து உடைத்துவிடுவீர்கள். யாராவது நேரில் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், உண்மையை மறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் காகிதத்தைப் பார்ப்போம், அப்புறம் எதை எப்படிச் சொல்வது என்று முடிவு செய்வோம்.

காகிதத்தைக் கைக்குக் கொண்டுவருவது எப்படி

இந்த வாரமே இரண்டு கடிதம் எழுதுங்கள். இரண்டும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும், குற்றச்சாட்டு ஒரு வரிகூட வேண்டாம்.

முதல் கடிதம் நெறியாளருக்கு, ஆர்.ஏ.சி. உறுப்பினர்கள் எல்லோருக்கும் நகல். "நான்கு இயல்கள் முடித்துள்ளேன். இந்த செமஸ்டருக்கான முன்னேற்ற அறிக்கையை இணைத்துள்ளேன். குழுவின் முன் விளக்கம் தர ஒரு தேதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். பல்கலைக்கழக மெயிலிலிருந்து அனுப்புங்கள், அச்சுப் பிரதியையும் துறை அலுவலகத்தில் கொடுத்து உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். மற்ற உறுப்பினர்களும் உங்கள் இயல்களை நேரடியாகப் பார்க்க இந்தக் கடிதம் வழி செய்யும். மினிட்ஸில் தங்கள் பெயரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருவராவது கேட்க வாய்ப்புண்டு. பேராசிரியர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. கேள்வி கேட்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் தன் கையெழுத்துக்குக் கீழே தான் சொல்லாத ஒன்று இருப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

இரண்டாவது கடிதம் பதிவாளருக்கு, டீனுக்கு நகல். நீங்கள் சேர்ந்த நாள் முதல் இன்று வரை ஆர்.ஏ.சி. அளித்த பரிந்துரைகளின் நகல்களை, 2022 விதிப்படி ஆய்வாளருக்குத் தர வேண்டியவை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பிஎச்டி ஒழுங்குமுறைப் புத்தகத்தின் பிரதியையும் கேளுங்கள். குழுவில் எத்தனை பேர், கூட்டத்துக்கு எத்தனை பேர் வர வேண்டும், நெறியாளரை மாற்ற யாரிடம் மனு, எல்லாம் அதில்தான் இருக்கும்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, கட்டணம் 10 ரூபாய். தமிழக அரசின் கீழ் வரும் பல்கலைக்கழகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் ஆன்லைனிலேயே கட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே முதல் மேல்முறையீடு. "என்னைப் பற்றி ஏன் இப்படி எழுதினீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையே நடந்த கூட்டங்களின் குறிப்பு, வருகைப் பதிவேட்டுப் பக்கம், உறுப்பினர்களுக்கு அனுப்பிய அழைப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்" என்று கேளுங்கள். அழைப்பு என்று ஒன்றைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. நடக்காத கூட்டத்துக்கு யாரும் அழைப்பு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

வேந்தருக்கு மனு?

மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வழக்கமாக ஆளுநர்தான் வேந்தர். புதுவைப் பல்கலைக்கழகம் 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. அதற்குக் குடியரசுத் துணைத்தலைவர் வேந்தர், குடியரசுத் தலைவர் 'விசிட்டர்' எனப்படும் பார்வையாளர் பதவியில் இருப்பவர். இவர்களில் யாருக்கு நீங்கள் எழுதினாலும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். கடிதம் அங்கிருந்து பதிவாளருக்கு வரும். பதிவாளர் "கருத்துரைக்கு" என்று எழுதி டீனுக்கு அனுப்புவார். டீன் துறைத்தலைவருக்கு அனுப்புவார். சுற்றிச் சுற்றி யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர் மேசைக்கே வந்து சேரும். அவர் எழுதும் நான்கு வரி பதிலாக மேலே போகும். அத்தோடு கோப்பு முடியும்.

சிண்டிகேட், எக்ஸிகியூடிவ் கவுன்சில், அகாடமிக் கவுன்சில் எல்லாம் உங்களுக்கு எட்டாத உயரம் என்று நினைத்திருக்கிறீர்கள். எட்டும். ஆனால் தனி ஆளின் முறையீடாக அங்கே ஏறினால் காது கேட்காது. அகாடமிக் கவுன்சில் பாடம், பட்டம், விதி ஆகியவற்றைப் பார்க்கிற அவை. சிண்டிகேட்டோ எக்ஸிகியூடிவ் கவுன்சிலோ நிர்வாகத்தை நடத்துகிற அவை. நீங்கள் முதலில் போக வேண்டிய இடத்துக்குப் போய் அங்கே ஒரு பதிவு உருவானால்தான், மேலே இருப்பவர்கள் படித்துப் பார்க்க ஏதாவது இருக்கும்.

அந்த முதல் இடம் மாணவர் குறைதீர் குழு. 2023 ஏப்ரலில் யுஜிசி இதற்குத் தனி விதிமுறையே கொண்டுவந்தது. ஒரு பேராசிரியர் தலைவர், நான்கு மூத்த ஆசிரியர்கள் உறுப்பினர்கள். இவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஒரு மாணவப் பிரதிநிதி சிறப்பு அழைப்பாளராக இருப்பார், கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையில் ('கோரம்') அவரைச் சேர்க்க மாட்டார்கள். மாணவர்களுக்கான குழுவில் மாணவருக்கு அழைப்பாளர் இடம் மட்டும்தானா என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. அது மாற வேண்டும். இருந்தாலும் உங்களுக்கு வேண்டியது அந்த விதியில் இருக்கிறது. பல்கலைக்கழக விதிக்கோ யுஜிசி விதிக்கோ மாறாக எடுக்கப்படும் நடவடிக்கைகூடக் 'குறை' என்ற வரையறைக்குள் வரும். செமஸ்டர்தோறும் குழு கூடாததும், பரிந்துரை நகல் தராததும் அப்படியே பொருந்தும்.

புகார் வந்த 15 நாளுக்குள் நிர்வாகம் அதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு இயன்றவரை 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லையென்றால் 15 நாளுக்குள் ஓம்பட்ஸ்பர்சனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், மேல்முறையீடு. ஓய்வுபெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பொறுப்பில் இருப்பார். அவர் 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். காகிதத்தில் கணக்குப் போட்டால் மூன்று மாதம். நடைமுறையில் கொஞ்சம் இழுக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் நெறியாளரோ, அவர் நிழலில் இருப்பவரோ அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தால்? அப்போது எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். 1969-இல் உச்ச நீதிமன்றம் கிரைபக் வழக்கில் ஒன்றைத் தெளிவாக்கியது. வனத்துறைப் பணிக்கான ஒரு தேர்வுக் குழுவில், தேர்வுக்கு நின்ற ஒருவரே உறுப்பினராகவும் இருந்தார். தன் பெயர் வந்தபோது அவர் குழுவில் உட்காரவில்லை. அப்படியும் நீதிமன்றம் அந்தத் தேர்வை ரத்து செய்தது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற கொள்கை நிர்வாகக் குழுக்களுக்கும் பொருந்தும் என்பதற்கு இன்றும் நாங்கள் காட்டுகிற தீர்ப்பு அது.

புகார் கொடுத்தால் பெயர் வெளியே தெரியாது என்று நம்பியிருக்கிறீர்கள். தெரியும். இப்படிப்பட்ட புகாரில் பெயர் இல்லாமல் எதையும் விசாரிக்க முடியாது. பொய்ப் புகார் என்று முடிவானால் புகார்தாரர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கவும் அந்த விதியில் இடம் இருக்கிறது. ஆகவே ஆதாரம் உள்ளதை மட்டும் எழுதுங்கள். கட்டுரையில் இன்னொருவர் பெயரைச் சேர்க்கச் சொன்னதற்கு மெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் இணையுங்கள். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் தேதியோடு ஒரு வரி போதும், அதையே புகாரின் மையமாக்காதீர்கள். நீங்கள் மறுத்தது சரி. வேலை செய்யாதவர் பெயரை ஆசிரியராகப் போடுவது ஆய்வு நேர்மைக்கு எதிரானது. உங்கள் கோர்ஸ் ஒர்க்கிலேயே ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறி என்ற தாள் இருந்திருக்கும், அதில் படித்ததைத்தான் கடைப்பிடித்திருக்கிறீர்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற யுஜிசி கட்டாயம் 2022 விதியில் இல்லை. பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கலாம். அதற்காகவும்தான் அந்த ஒழுங்குமுறைப் புத்தகத்தைக் கேட்கச் சொன்னேன்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கட்டுரைப் பிரச்சினைக்குப் பின்னால், நடத்தையிலோ பேச்சிலோ பாலியல் தொந்தரவு எதுவும் இருந்ததா? இல்லையென்றால் நல்லது. இருந்தால் அதற்குத் தனியாக உள்ளகப் புகார் குழு இருக்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அங்கே புகார் கொடுக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது.

ஓய்வுபெறும் நெறியாளர்

அவர் ஓய்வு பெற்றால் உங்கள் பிஎச்டியும் முடிந்துபோகும் என்பது தவறு. ஏற்கெனவே பதிவு செய்த ஆய்வாளர்களை அவர் ஓய்வு பெறும்வரை நெறிப்படுத்தலாம். அதன்பின் 70 வயது வரை இணை நெறியாளராகத் தொடரலாம். அப்போது முதன்மை நெறியாளராக இன்னொருவரைப் பல்கலைக்கழகம் அமர்த்தியாக வேண்டும். ஆகவே எப்படியிருந்தாலும் உங்களுக்கு இன்னொரு நெறியாளர் வரத்தான் போகிறார்.

சண்டையாக இல்லாமல் இந்த ஓய்வையே ஒரு வழியாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. "தாங்கள் ஓய்வு பெறவிருப்பதால் ஆய்வு தடையின்றித் தொடர இப்போதே ஒரு இணை நெறியாளரை நியமிக்க வேண்டுகிறேன்" என்று மனு கொடுத்தால் யாருக்கும் அவமானம் இல்லை. ஆளைத் தேடும்போது எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரே சமயத்தில் பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். யாரிடம் எத்தனை பேர் என்ற பட்டியல் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்க வேண்டும். நான்கு இயல் முடித்த மாணவி என்றால் பலரும் தயங்காமல் ஏற்பார்கள்.

கோர்ட்டுக்கு எப்போது?

கடலூரானாலும் புதுச்சேரியானாலும் ரிட் மனு சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். ஆய்வேடு நன்றாக இருக்கிறதா, நான்காம் இயல் தேறுமா என்பதை நீதிபதி பார்க்க மாட்டார், அது கல்வியாளர்கள் வேலை என்று விட்டுவிடுவார். விதிப்படி நடந்ததா, உங்களைக் கேட்டார்களா என்பதைத்தான் பார்ப்பார். இன்று உங்கள் கையில் எதிர்த்து வழக்குப் போட ஒரு உத்தரவே இல்லை. இப்போது போனால் "முதலில் குறைதீர் குழுவுக்குப் போங்கள்" என்றுதான் சொல்லப்படும் வாய்ப்பு அதிகம். ரத்து உத்தரவோ, ஏன் ரத்து செய்யக் கூடாது என்ற நோட்டீஸோ வந்தால் கதை வேறு. நோட்டீஸுக்குக் கெடு தேதிக்குள் பதில் எழுதியே ஆக வேண்டும். விளக்கம் கேட்காமலே உத்தரவு வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள், இடைக்காலத் தடை கேட்கலாம். பணத்துக்கு எங்கே போவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள்.

விட்டுவிடலாமா என்பதற்கு வருகிறேன். உங்கள் அத்தை உங்கள் மீதுள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள், நீங்கள் வாடிப்போயிருப்பதைத் தினமும் பார்க்கிறவர் அவர். விடுவதும் ஒரு முடிவுதான், அதில் வெட்கம் இல்லை. ஆனால் அதை இந்தப் பயத்தில் எடுக்காதீர்கள். மூன்று ஆண்டு உழைப்பு, நான்கு இயல், எஸ்.ஆர்.எஃப். எல்லாம் கையில் இருக்கும்போது, எழுத்தில் வராத ஒரு சொல்லை நம்பி எழுந்து போவதை நான் ஏற்க மாட்டேன். காகிதங்கள் வரட்டும், ஐந்தாம் இயலை எழுதிக்கொண்டே இருங்கள். ஆறு மாதம் கழித்தும் விடத்தான் தோன்றினால் அப்போது பேசுவோம். போராடினாலும் இழப்பு உண்டு. பரிந்துரைக் கடிதம் கிடைக்காமல் போகலாம், துறையில் சிலர் முகம் திருப்பலாம். இதையெல்லாம் வீட்டில் கணவரிடமும் அத்தையிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், சார் ரூமுக்குப் போகலாமா என்ற கேள்வி. போங்கள். வழக்கம்போல வணக்கம் சொல்லுங்கள், வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போடுங்கள். வராமல் இருந்தால் அதையே ஒரு காரணமாக எழுதுவார்கள். குரலை உயர்த்த வேண்டாம், தெரியாமல் ரெக்கார்ட் செய்யவும் வேண்டாம். அவர் ஏதாவது சொன்னால், அன்று மாலை பஸ் ஏறுவதற்குள் அவருக்கே இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள்: "மதிப்பிற்குரிய ஐயா, இன்று காலை தாங்கள் கூறியபடி மூன்றாம் இயலின் அட்டவணையைத் திருத்தி வருகிறேன். ஆர்.ஏ.சி. கூட்டத் தேதிக்காகக் காத்திருக்கிறேன்."